குறைத்து மதிப்பிடப்படும் குத்துச்சண்டை வீரரை முன்கூட்டியே இனங்காண்பது எப்படி?

குத்துச்சண்டையில் ஒருவர் எதிர்பார்ப்பை மீறிவிட்டார் என்று சொல்கிறோம். அந்த எதிர்பார்ப்பு யாருடையது, எதை வைத்து உருவானது என்று கேட்பவர்கள் குறைவு. பந்தய நிலையத்தின் விலைப்பலகை, தொலைக்காட்சி வருணனையாளரின் பேச்சு, சுவரொட்டியில் யாருடைய படம் பெரிதாக இருக்கிறது என்பது போன்ற பலவும் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்களிடம் இதை விளக்குவது எளிது, ஏனென்றால் ஜூலை மாதம் கிரேவில் குதிரைப் பந்தய மைதானத்தில் குதிரைகளை எடைபோட்டுப் பழகியவர்கள் நம்மில் ஏராளம். நல்ல குதிரை எது என்பது ஒரு கேள்வி, விலைக்குத் தகுந்த குதிரை எது என்பது வேறொரு கேள்வி என்று அங்கே சிறுவனுக்கும் தெரியும். சீமன் செட்டி போன்ற வீரர்களைக் கண்ட ஊர் இது என்றாலும், குத்துச்சண்டை என்று வந்துவிட்டால் அதே ஆட்கள் வெற்றி தோல்விக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இங்கே நான் சொல்லவிருக்கும் முறைக்கு அடிப்படை ஒன்றுதான். ஒரு வீரரைக் குறைத்து மதிப்பிடுவதற்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து, குறிப்பிட்ட அந்த இரவில், குறிப்பிட்ட அந்த எதிராளிக்கு முன்னால் அது செல்லுபடியாகுமா என்று சோதிக்க வேண்டும். செல்லுபடியாகும் என்றால் உலகம் சொல்வது சரி, நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆகாது என்றால்தான் மேற்கொண்டு வேலை இருக்கிறது.

விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மதிப்பீட்டை எழுதிவிடுங்கள்

இந்த ஒழுங்கை முதலில் பழகிக்கொள்ள வேண்டும். விலை கண்ணில் பட்டுவிட்டால் மனம் அதைச் சுற்றியே வட்டமிடும். எனவே போட்டி அறிவிக்கப்பட்டவுடன், நூறு முறை இந்தச் சண்டை நடந்தால் இவர் எத்தனை முறை வெல்வார் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். அதன் பிறகு விலையை விழுக்காடாக மாற்றி ஒப்பிடலாம். இருபதுக்கு ஒன்று என்ற விலை (ஒன்று கட்டி வென்றால் இருபது லாபம்), இருபத்தொரு முறையில் ஒரு முறை, அதாவது ஏறத்தாழ 4.8 விழுக்காடு வாய்ப்பைக் குறிக்கும். ஐந்துக்கு ஒன்று என்றால் 16.7 விழுக்காடு. விலை தசமத்தில் கொடுக்கப்பட்டிருந்தால் நூறை அந்த எண்ணால் வகுத்தால் போதும். இருவரின் விழுக்காட்டையும் கூட்டினால் நூறைத் தாண்டும். ஒருவருக்கு 1.20, மற்றவருக்கு 4.50 என்றால் 83.3, 22.2 என்று வந்து கூட்டுத்தொகை 105.5 ஆகிறது. நூறுக்கு மேலே நிற்கும் அந்த ஐந்தரைதான் நிலையத்தாரின் வருமானம். உங்கள் மதிப்பீடு இந்த இடைவெளியையும் தாண்டி நின்றால் மட்டுமே ஒருவரைக் குறைத்து மதிப்பிடப்பட்டவர் என்று சொல்ல முடியும்.

பணம் கட்டுவதும் கட்டாததும் அவரவர் விருப்பம். காசு போகாமலேயே இந்தக் கணக்கு பயன்படும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எதிர்பார்ப்பை மீறுவது என்றால் வெல்வது என்று பொருளல்ல. டர்பன் அமைந்திருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தைச் சேர்ந்த தபிசோ ம்சுனு, தன் எடைப் பிரிவுக்கு மிகவும் குள்ளமான இடக்கைக்காரர். 2015ஆம் ஆண்டு டர்பனில் இலுங்கா மகாபுவிடம் 11ஆம் சுற்றில் வீழ்ந்தார். அதே மகாபு உலகப் பட்டம் வைத்திருந்தபோது 2022 ஜனவரியில் அமெரிக்காவில் மீண்டும் மோதி, நடுவர்கள் இரண்டாகப் பிரிந்து தீர்ப்பளிக்கும் அளவுக்கு நெருங்கினார். கணக்கில் அது தோல்விதான். ஆனால் முன்பு தன்னைச் சாய்த்தவரை அத்தனை சுற்றுகளும் நின்று தடுமாற வைத்தவரை, எதிர்பார்த்ததற்கு மேல் செய்தவர் என்றுதான் உங்கள் குறிப்பேடு பதிவு செய்ய வேண்டும்.

தோல்விகளைப் படியுங்கள்

வெற்றிகள் அதிகம் சொல்லித் தருவதில்லை. இளம் வீரரை வளர்க்க விரும்பும் போட்டி அமைப்பாளர் எப்படிப்பட்ட எதிராளிகளைத் தேடிப் பிடிப்பார் என்பது இந்தத் துறையில் ஊரறிந்த விஷயம். பதினைந்து சண்டைகளில் பதினைந்து வெற்றி என்ற வரி, எதிராளிகளின் பெயர்களைத் திறந்து பார்க்கும் வரை வெறும் அலங்காரம். பாக்ஸ்ரெக் போன்ற பதிவேட்டுத் தளங்களில் ஒவ்வொரு எதிராளியின் பெயரையும் அழுத்தி, அவர் அந்தச் சண்டைக்கு வரும்போது தொடர்ந்து தோற்றுக்கொண்டு வந்தவரா, வென்றுகொண்டு வந்தவரா என்று பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடப் பெரும்பாலோர் தயாராக இல்லை என்பதுதான் உங்களுக்குச் சாதகம்.

தோல்வியிலும் சமநிலையிலும்தான் செய்தி இருக்கிறது. ஒரு தோல்வியைக் கண்டால் நான்கு விஷயங்களைக் கேட்கலாம். யாரிடம், யாருடைய ஊரில், எத்தனை நாள் முன்னறிவிப்பில், எந்த விதத்தில்? டர்பனை அடுத்த லின்டெலானியில் பிறந்த மொருட்டி ம்தலானே 2008இல் நொனிட்டோ டொனேரிடம் 6ஆம் சுற்றில் தோற்றார். அந்த வரியை மட்டும் படிப்பவர், பெரிய ஆளிடம் தாக்குப்பிடிக்காமல் நொறுங்கியவர் என்று எண்ணிக்கொள்வார். சண்டையை முடித்ததோ முகத்தில் ஏற்பட்ட வெட்டுக்காயம். வெட்டுக்காயத்தால் வரும் தோல்வி, ஆளின் மன உறுதியைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு 2021 ஏப்ரலில் லண்டனில் சன்னி எட்வர்ட்ஸ் அவரைப் புள்ளிகளில் வெல்லும் வரை ம்தலானே யாரிடமும் தோற்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் 2018இல் கோலாலம்பூரில் முகம்மது வசீமை வென்று உலகப் பட்டத்தைப் பெற்று, அதை மக்காவ் நகரிலும் டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் காப்பாற்றிக்கொண்டார். யோகோஹாமாவில் அகிரா யாயெகாஷியை 9ஆம் சுற்றில் மேற்கொண்டு மோத முடியாதபடி நிறுத்தியபோது அவருக்கு வயது 37. நான்கு சண்டைகளில் ஒன்றுகூடச் சொந்த மண்ணில் நடக்கவில்லை.

சமநிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெற்றியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் இருப்பதால் அதை ஒரு கறையாகவே பார்க்கிறார்கள். நம் நாட்டு வீரர் புமெலேலா காஃபு 2024 அக்டோபரில் டோக்கியோ சென்றபோது அவர் கணக்கில் பத்து வெற்றியும் மூன்று சமநிலையும் இருந்தன. எதிரே நின்ற கோசெய் தனாக்கா நான்கு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றவர். மூன்று சமநிலைகளைச் சராசரித்தனத்தின் அடையாளமாகப் படித்தவர்களுக்கு அன்று நடந்தது அதிசயம். சண்டை நெருக்கமானபோதும் தோற்காதவர் என்று அதையே படித்திருந்தால், 5ஆம் சுற்றில் அவர் தனாக்காவைத் தரையில் விழ வைத்ததும், பிரிந்த தீர்ப்பில் பட்டத்தைக் கொண்டுவந்ததும் அவ்வளவு வியப்பாக இருந்திருக்காது. அந்த ஒரு வீழ்த்தலின் மதிப்பையும் கவனிக்க வேண்டும். சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்ற வழக்கமான கணக்கு, ஒருவர் விழுந்தால் பத்துக்கு எட்டு ஆகிவிடுகிறது. வெளியூரில் சண்டையிடும் வீரருக்கு நெருக்கமான சுற்றுகள் எளிதில் கிடைப்பதில்லை. எனவே ஒரு முறையாவது எதிராளியை விழ வைக்கும் வலிமை உள்ளவரா என்ற கேள்வி, வெளிநாட்டுப் போட்டிகளில் இரு மடங்கு முக்கியமாகிறது.

உடலைப் பார்த்து ஏமாறுவது

மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று பெரியவர்கள் சொல்வதற்கு நம் நாட்டில் ஜேக் மட்லாலாவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. உயரம் ஏறத்தாழ 147 சென்டிமீட்டர். 1993இல் கிளாஸ்கோ சென்று, ஸ்காட்லாந்துக்காரரான பாட் கிளின்டனை அவருடைய ரசிகர்கள் முன்னிலையிலேயே 8ஆம் சுற்றில் நிறுத்திப் பட்டம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் மைக்கேல் கார்பஹாலையும் நிறுத்தினார். உயரம் குறைந்தவருக்குக் கை எட்டாது என்ற காரணம், எதிராளி தூரத்தைக் காத்துக்கொள்ளும் வரைதான் செல்லும். உள்ளே புகுந்து நெஞ்சோடு நெஞ்சாக நின்றுவிட்டால், நீண்ட கைகளை மடக்கி அடிக்க இடம் கிடைக்காமல் எதிராளிதான் திணறுவார். எனவே குள்ளமான வீரரை மதிப்பிடும்போது பார்க்க வேண்டியது அவர் எட்டுவாரா என்பதை அல்ல. உள்ளே நுழையும் வழியில் எத்தனை குத்துகளை வாங்குகிறார், நுழைந்த பிறகு சோராமல் எத்தனை சுற்றுகள் அடிக்க முடிகிறது, எதிராளிக்குப் பின்னோக்கி நகர்ந்தபடியே குத்தத் தெரியுமா என்ற மூன்றையும்தான்.

தொப்பையும் இதே கதைதான். 2019 ஜூனில் நியூயார்க்கில் ஆன்டி ரூயிஸ், ஆன்டனி ஜோஷுவாவுக்கு எதிரே மாற்று ஆளாக ஒரு மாத முன்னறிவிப்பில் வந்து நின்றபோது, இருவரின் உடலையும் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். 7ஆம் சுற்றில் ஜோஷுவாவின் சண்டை முடிந்தது. ரூயிஸின் கைகள் எவ்வளவு வேகமானவை, நெருக்கத்தில் இரண்டு மூன்று குத்துகளை எப்படிக் கோத்து அடிக்கிறார் என்பதெல்லாம் அவருடைய பழைய காணொளிகளில் வெளிப்படையாகவே இருந்தன. வயிற்றைப் பார்த்தவர்கள் கையைப் பார்க்கவில்லை.

காரணம் உண்மையாக இருந்தும் பொருந்தாமல் போகும் சந்தர்ப்பம்

நுட்பமான பகுதி இதுதான், நேரம் அதிகம் செலவிட வேண்டியதும் இங்கேதான். பிரிட்டோரியாவின் கோரி சாண்டர்ஸைப் பற்றி, அவர் பயிற்சியைவிடக் கோல்ஃப் மைதானத்தை அதிகம் விரும்புகிறார் என்றும், நீண்ட சண்டைக்கு மூச்சு போதாது என்றும் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் குறைகள் பொய்யல்ல. 2004இல் விட்டாலி கிளிட்ஸ்கோவிடம் 8ஆம் சுற்றில் அவர் நிறுத்தப்பட்டதே அதற்குச் சான்று. ஆனால் 2003 மார்ச்சில் ஹனோவரில் விட்டாலியின் தம்பி விளாடிமிரை எதிர்கொண்டபோது அந்தக் குறை வெளிப்பட நேரமே இருக்கவில்லை. சாண்டர்ஸ் இடக்கைக்காரர், அந்த இடது கை அசாதாரண வேகமும் கனமும் கொண்டது. விளாடிமிரை நான்கு முறை வீழ்த்தி 2ஆம் சுற்றிலேயே முடித்துவிட்டார். அப்போது அவருக்கு 37 வயது.

இதிலிருந்து ஒரு வேலை முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீரரின் குறையை எழுதும்போது, அது எத்தனையாவது சுற்றில் வெளிப்படும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு, எதிராளி எந்தச் சுற்றுகளில் எளிதில் அடிபடுகிறார் என்று எழுதுங்கள். மெதுவாகச் சூடாகும் எதிராளிக்கு முன்னால், முதல் மூன்று சுற்றுகளில் மட்டும் ஆபத்தானவர்கூட உலகப் பட்டம் வென்றுவிடலாம். மாறாக, தற்காப்பில் தேர்ந்து, ஆரம்பத்தில் ஆபத்தான தூரத்துக்கு வராமல் நழுவும் ஒருவரிடம் அதே ஆள் பரிதாபமாகத் தோற்பார். வீரரின் திறமை இரண்டு சந்தர்ப்பங்களிலும் ஒன்றுதான், எதிராளி மட்டுமே வேறு.

நம் நாட்டில் சண்டை நடந்தால் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் வட்டாரமோ 1,600 மீட்டருக்கு மேல். 2001 ஏப்ரல் 22 அன்று அந்த வட்டாரத்தில் இருக்கும் பிராக்பனில் ஹசீம் ரகுமான் 5ஆம் சுற்றில் லெனாக்ஸ் லூயிஸை வீழ்த்தியபோது அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த விலை இருபதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. ரகுமான் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே வந்து உயரத்துக்கு உடலைப் பழக்கியிருந்தார். லூயிஸ் இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் வந்திறங்கி, சுமார் 115 கிலோ எடையுடன் மேடையேறினார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகச் சண்டை உள்ளூர் நேரப்படி விடியற்காலையில் நடந்தது. காணொளியை இன்று பார்த்தாலும் லூயிஸ் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது தெரியும். இரு வீரர்களும் எந்தத் தேதியில் வந்திறங்கினார்கள் என்ற செய்தி அப்போதே வெளியாகியிருந்தது, யாரும் ஒளித்து வைக்கவில்லை. எனவே ஹைவெல்ட் எனப்படும் அந்த உயர்ந்த பீடபூமியில் நடக்கும் எந்தப் போட்டிக்கும் வந்த தேதி, தங்கும் இடம், பயிற்சி நடந்த ஊர் என்ற மூன்றையும் குறித்துக்கொள்வது நல்லது. டர்பனில் பிறந்த வீரர் என்றதும் கடலோரத்து மூச்சு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நம் மாகாணத்தின் நல்ல வீரர்கள் சிலர் பல ஆண்டுகளாக ஜோகன்னஸ்பர்க்கிலேயே பயிற்சி பெறுகிறார்கள். ம்தலானேயும் அங்கேதான் கோலின் நேதனிடம் தயாரானார்.

காணொளியில் எதைப் பார்ப்பது

முழுச் சண்டையைப் பாருங்கள். வீழ்த்தும் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்புகள் எல்லோரையும் வீரராகவே காட்டும். ஒலியை அணைத்துவிடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் வருணனையாளரின் குரல் ஏறும் இடங்களிலேயே நம் கண்ணும் நிற்கப் பழகியிருக்கிறது. முதல் தடவை நீங்கள் மதிப்பிடும் வீரரை மட்டும் பாருங்கள். குத்து வாங்கிய அடுத்த மூன்று நொடிகளில் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். பதிலுக்கு அவசரமாக வீசுகிறாரா, கயிற்றோரமாக நேராகப் பின்வாங்குகிறாரா, அல்லது கைகளை முகத்தோடு ஒட்டி அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடியும் தன் இடத்துக்கு வருகிறாரா? மூன்றாவதைச் செய்பவர், பெயர்பெற்ற எதிராளியின் முன்னால் பதறமாட்டார்.

சுற்றுகளுக்கு இடையே வரும் ஒரு நிமிடத்தைப் பலர் தேநீர் எடுக்கப் பயன்படுத்துகிறார்கள். டர்பனை அடுத்த வெருலத்தில் அமெச்சூர் போட்டிகளுக்குத் தவறாமல் வரும் ஒரு பெரியவர் அந்த நிமிடத்துக்காகவே கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். "தம்பி, முக்காலியில உக்காருறவன் யாரு, விழுறவன் யாருன்னு பாருங்க" என்று அவர் எனக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாக இதை விளக்க முடியாது. தன் காலில் நடந்து வந்து, திரும்பி, முதுகை நிமிர்த்தி உட்காருகிறவரின் கண்கள் பயிற்சியாளரின் வாயைப் பார்க்கும். பொத்தென்று விழுகிறவரின் கண்கள் எதிர்மூலையைப் பார்க்கும், அல்லது எதையுமே பார்க்காது. பயிற்சியாளரின் கையையும் சேர்த்துக் கவனியுங்கள். ஒரு விரலைக் காட்டி ஒரே ஒரு கட்டளை கொடுக்கிறாரா, அல்லது மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்களா? அடுத்த சுற்றின் முதல் அரை நிமிடத்தில் அந்தக் கட்டளை சண்டையில் தெரிகிறதா என்று பாருங்கள். சொன்னதைச் சொன்ன சுற்றிலேயே செய்து காட்டும் வீரர், ஐந்து தோல்வி உள்ளவராக இருந்தாலும் என் பட்டியலில் ஏறிவிடுவார்.

எடை பார்க்கும் நாளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தராசில் நிற்கும் எண்ணைவிட, உதடு வறண்டிருக்கிறதா, கன்னம் ஒட்டியிருக்கிறதா, இறங்கியவுடன் தண்ணீர்ப் போத்தலை எப்படிப் பற்றுகிறார் என்பதே அதிகம் சொல்லும். பெயர்பெற்றவர் எடையைக் குறைக்கப் படாத பாடு பட்டிருந்தால், பெயர் பெறாதவரின் வாய்ப்பு ஓரிரவில் உயர்கிறது. இரு வீரர்களும் முகத்துக்கு முகம் நின்று முறைப்பதில் படிக்க எதுவும் இல்லை. அது புகைப்படக்காரர்களுக்கானது.

எங்கே தேடுவது

குறைத்து மதிப்பிடப்படுவதற்கு மிக எளிய காரணம் முகவரி. கிழக்குக் கேப்பில் ஈஸ்ட் லண்டனை அடுத்துள்ள ம்டன்ட்சானே என்ற ஒரே குடியிருப்புப் பகுதி வெல்கம் ந்சீட்டா, வுயானி புங்கு, சோலானி டெட்டே என உலகப் பட்டக்காரர்களை வரிசையாகத் தந்திருக்கிறது. ஆனாலும் அங்கிருந்து வரும் புதிய பெயரை வெளிநாட்டு விலைப்பலகைகள் ஒவ்வொரு முறையும் புதிதாகவே பார்க்கின்றன. 1994இல் புங்கு, ந்சீட்டாவிடமிருந்து பட்டத்தைப் பறித்த கென்னடி மெக்கின்னியை வென்றார். அந்த வட்டாரத்து அரங்குகளில் ஒரே தெருக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டைகள் அமெரிக்காவில் அழைத்து வரப்படும் எதிராளிகளைவிடக் கடினமானவை. அப்படிப்பட்ட உள்ளூர்ச் சண்டையில் புள்ளிகளில் தோற்ற ஒருவர், வெளியூரில் எளிய வெற்றிகளைக் குவித்த ஒருவரைவிடத் தயாரானவராக இருக்கக்கூடும். எனவே முக்கியப் போட்டிக்கு முன்னால் நடக்கும் நான்கு சுற்று, ஆறு சுற்றுச் சண்டைகளை, டர்பனில் நடந்தாலும் சரி, கெம்ப்டன் பார்க்கில் நடந்தாலும் சரி, அரங்கம் காலியாக இருக்கும்போதே சென்று பார்ப்பது நல்ல முதலீடு.

ஒருவரைச் சரியாகக் கணித்துவிட்டால், அவர் பெயரை உடனே அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். வெற்றிக்குப் பிறகு விலை மாறிவிடுகிறது, எதிராளியும் பாடம் படித்துவிடுகிறார். ரகுமானை அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் 4ஆம் சுற்றில் வீழ்த்தினார். முதல் சண்டையைவிட அதிக எடையுடன் வந்த ரூயிஸை ஜோஷுவா ஆறே மாதத்தில் புள்ளிகளில் வென்றார். காஃபு தன் பட்டத்தை 2025 ஜூலையில் ஜெஸ்ஸி ரோட்ரிகஸிடம் இழந்தார். மறுபுறம், நம் நாட்டுப் பட்டக்காரர் சிவெனாதி நொன்ட்ஷிங்காவை 2023 நவம்பரில் மொனாக்கோவில் அட்ரியன் குரியெல் 2ஆம் சுற்றில் வீழ்த்தியதும், தாடை பலவீனமானவர் என்று எல்லோரும் அவரை ஒதுக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் மெக்சிகோ சென்று, அதே குரியெலை அவர் நாட்டிலேயே 10ஆம் சுற்றில் நிறுத்திப் பட்டத்தை மீட்டார். உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதிய காரணத்தை, ஒவ்வொரு சண்டை முடிந்த மறுநாளும் அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அதற்கு இடம் விட்டு எழுதுங்கள்.